மழை தெரிகிற கார்டு

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத சமாச்சாரம். என் கணவருக்கு அது கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்துபோயிற்று.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். கல்யாணமாகி, கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சாங்வியில் இரண்டாவது மாடியில் சின்னதாக ஒரு வீடு. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை ஊற்று ஊற்றென்று ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் ரசத்துக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே, உப்புக் குறைச்சல் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: ஆபீஸில் அவரை ஆறு மாதத்துக்கு அமெரிக்கா அனுப்புகிறார்கள். செப்டம்பரில் கிளம்ப வேண்டும். அவர் மட்டும்.

"நீ ஊருக்குப் போயிரு அம்மிணி. அம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு முந்தியே அங்க சொல்லியாச்சுங்களா?"

"கோவிச்சுக்காத. இங்க தனியா எப்படி இருப்ப? பாஷை தெரியாது, ஆளு தெரியாது. பால்காரன் வந்தாக்கூட கதவுக்குப் பின்னாடி நின்னுட்டு என்னையத்தான் கூப்புடற."

அது உண்மைதான். அதனாலேயே எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாமியார் வீடு மோசமான வீடு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தங்கமான மனுஷர்கள். ஆனால் பதினோரு பேர் இருக்கிற வீடு. காலையில் எழுந்து முகம் கழுவுவதற்குள் மூன்று பேராவது "ஏதாச்சும் விசேஷமா கண்ணு?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டுவிடுவார்கள். இங்கே சாங்வியில் என்னிடம் ஒரு சாவி இருந்தது. பிறந்ததிலிருந்து எந்த வீட்டுச் சாவியும் என் கையில் இருந்ததில்லை. அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

அப்போதுதான் வாய் திறந்துகொண்டது.

"ஏனுங்க, நான் தனியா கேம்ப் கடைவீதிக்குப் போய் கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வந்து, நானே மாட்டி, ஓட்டிக் காட்டறன். ஓடுச்சுன்னா நான் இங்கயேதான் இருப்பன். ஓடலீன்னா நானே பொட்டியக் கட்டிக்கறன்."

ரசம் அவருக்கு மூக்கில் ஏறிவிட்டது. இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்து, "செரி" என்றார். அவர் "செரி" என்றால் செரிதான், பின்வாங்க மாட்டார். நான்தான் பின்வாங்க முடியாமல் மாட்டிக்கொண்டேன்.

கிராபிக்ஸ் கார்டு எப்படி இதில் வந்தது என்று சொல்ல வேண்டும். அவர் காலை ஏழரைக்கு மகர்பட்டா போகிற ஆபீஸ் பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வர இரவு எட்டாகும். நான் சமைத்து, துவைத்து, வீட்டைத் துடைத்து முடித்தாலும் மணி பத்துதான் ஆகும். அந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் 'படிப்பதற்காக' அவரே சாமான் வாங்கிச் சேர்த்துக் கட்டியது. என்ன படித்தார் என்று நான் போய்ப் பார்த்தபோது அதில் ஒரு கார் பந்தய கேம் இருந்தது.

எங்கள் அப்பா என்னை மொபெட்டைக்கூடத் தொடவிட்டதில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வண்டி?" என்பார். நான் பி.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பு, பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தே வாங்கியது. அப்படிப்பட்டவள் சாங்வியில் நைட்டியோடு உட்கார்ந்து மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் சிவப்புக் கார் ஓட்டினேன். முதல் வாரம் சுவர் சுவராக மோதினேன். இரண்டாம் மாதம் அந்த கேமில் இருந்த அத்தனை பேரையும் முந்தினேன். அவர் ஒரு சனிக்கிழமை என்னோடு போட்டி போட்டு ஒன்பது தடவை தோற்று, "கண்ணு வலிக்குது" என்று எழுந்து போனார். எனக்கு அன்றைக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

அந்த கேமின் இரண்டாம் பாகம் தீபாவளி வாக்கில் வரப்போகிறது என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். அடேயப்பா, அந்தப் படம்! ராத்திரி ரோடு, மழை, நனைந்த தாரில் முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு நீளமாக இழுத்துக்கொண்டு தெரிகிறது. எங்கள் கம்ப்யூட்டரில் தண்ணீர் என்பது நீலமாக விரித்துப்போட்ட ரப்பர் ஷீட். மதர்போர்டோடு வந்த கிராபிக்ஸ்தான் இருந்தது, அது அவ்வளவுதான் காட்டும். ஜன்னலுக்கு வெளியே புனே முழுக்க நிஜ மழை நாலு நாளாக விடாமல் பெய்கிறது, துணி ஒன்றும் காயவில்லை, நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு மழை பார்க்க ஒரு கார்டு வேண்டுமென்று துடிக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கார்டுகளில் மூன்று ரகம். விலை குறைந்தது, அது கேம் படத்தை ஸ்லைடு ஷோவாகக் காட்டும். உசந்தது, அதற்கு ஆகிற செலவில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்ந்து வந்துவிடும். எனக்கு வேண்டியது நடுவாந்திரம். ஆனால் நடுவாந்திரத்தில்தான் ஏமாற்று அதிகம் என்பதைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். பெட்டியில் 256 எம்.பி. மெமரி என்று முழ நீளத்துக்குப் போட்டிருப்பான். உள்ளே அந்த மெமரிக்குப் போகிற பாதை 64 பிட், ஒற்றையடிப் பாதை. பக்கத்திலேயே 128 எம்.பி. என்று சின்னதாகப் போட்ட இன்னொன்று இருக்கும், அதில் பாதை 128 பிட், இரண்டு மடங்கு அகலம். அதுதான் ஓடும். பெரிய எழுத்தைப் பார்த்து மயங்குகிறவனுக்கு முதல் கார்டு, பின்னட்டையைத் திருப்பிப் பார்க்கிறவனுக்கு இரண்டாவது. புடவைக் கடையில் முந்தானையை மட்டும் விரித்துக் காட்டினால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற எனக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டியதா என்ன?

பத்திரிகை, பக்கத்துத் தெரு நெட் சென்டர் என்று பதினைந்து நாள் அலசி ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதிவைத்திருந்தேன். ஒன்று, புது மாதிரி ஸ்லாட்டில் உட்கார வேண்டும். அந்த வருஷம் கார்டை மாட்டுகிற ஸ்லாட்டே பழசு, புதுசு என்று இரண்டு ஜாதியாகியிருந்தது, எங்கள் மதர்போர்டில் இருந்தது புதுசு. இரண்டு, 128 பிட். மூன்று, வரப்போகிற கேமின் மழையும் பளபளப்பும் தெரிவதற்கான புது ஷேடர். ஆக, கார்டு இன்றைய கேமுக்கு அல்ல, நாளைய கேமுக்கு. இதைக் கடைக்காரரிடம் ஹிந்தியில் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஹிந்தி! அங்கேதான் இடித்தது.

முப்பது நாளில் பேசலாம் என்று சொல்கிற புத்தகம் ஒன்று அம்மா கொடுத்தனுப்பியது. அதில் தேடினேன். நாளை என்பதற்கு 'கல்' என்று போட்டிருந்தது. கல்லா? நமக்குக் கல் என்றால் கருங்கல், செங்கல். "கல் கேம் வேண்டும்" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. கொஞ்சம் இழுத்துச் சொன்னால் பாஷை மாதிரி இருக்கும் என்று தோன்றவே, கண்ணாடி முன்னால் நின்று பத்து தடவை பழகினேன். "பையா, கால் கா கேம் கே லியே கார்டு சாஹியே." அண்ணா, நாளைய கேமுக்குக் கார்டு வேண்டும். ரொம்பத் திருப்தியாக இருந்தது.

புதன்கிழமை கிளம்பினேன். சாங்வியிலிருந்து சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் ஒன்பது பேரோடு நசுங்கி, பிறகு பஸ் பிடித்து, கேம்ப்பில் இறங்கி, கையில் எழுதிவைத்திருந்த கடைப் பெயரை நாலு பேரிடம் காட்டி, நனைந்த கோழியாகக் கடை வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

புனேயைத் தெரிந்தவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். இந்த ஊரில் பல கடைக்காரர்கள் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கப் போவார்கள். நாலு மணி வரை உலகம் இடிந்தாலும் திறக்க மாட்டார்கள். அதை ஒரு போர்டிலும் எழுதி மாட்டியிருப்பார்கள், அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அந்தக் கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். ஒரு கையில் ஷட்டர் இழுக்கிற கம்பி. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

நான் மூச்சு வாங்க ஒப்பித்தேன். "பையா, கால் கா கேம் கே லியே கார்டு சாஹியே."

"கால்ச்சே கேம்?" என்றார்.

மராத்தியில் இந்த 'ச்சே' நிறைய வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். "ஹா! கால்ச்சே! கால்ச்சே!" என்று தலையை ஆட்டினேன். மராத்தியே பேசிவிட்டேனே என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

அவர் முகம் மலர்ந்தது. ஷட்டர் கம்பியைச் சாத்தி வைத்தார். விரலை ஆட்டி ஏதோ நீளமாகச் சொன்னார், இந்தக் காலத்தில் எல்லாரும் புதுசு புதுசு என்று அலைகிறார்கள், நீ விவரமான பெண் என்கிற தோரணை. ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, தூசியை ஊதி, என் முன்னால் வைத்தார். நான் நோட்டைத் திறந்து 128 பிட் என்று எழுதியிருந்ததைத் தட்டிக் காட்டினேன். பெட்டியின் பின்னால் அதே எண்ணைக் காட்டினார். ஆஹா! மற்ற இரண்டு கேள்வியையும் கேட்பதற்குள் கடிகாரம் ஒரு மணி அடித்தது, அவர் மறுபடி கம்பியை எடுத்துவிட்டார். விலைகூட நான் பயந்ததைவிடக் குறைவு. அங்கேயாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் மழையில் நின்று சுடச்சுட மசாலா வைத்த தாபேலி பன் இரண்டு வாங்கித் தின்றேன், பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத அம்மாளுக்குப் பெட்டியைக் காட்டி, "கார்டு! கார்டு!" என்று சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மாள் நகர்ந்து நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தலையைக்கூடத் துவட்டவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கார்டைப் பிரித்து, ஸ்லாட்டில் வைத்து அழுத்தினேன். உட்காரவில்லை. திருப்பி அழுத்தினேன். கார்டில் பள்ளம் இருக்கிற இடமும் ஸ்லாட்டில் மேடு இருக்கிற இடமும் வேறு வேறாக இருந்தன. பெட்டியை எடுத்துப் படித்தேன். பழைய ஸ்லாட். ஷேடரும் பழசு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்டு.

போச்சு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தேன். பாஷை தெரியாத பொண்ணு என்று பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரே அந்தக் கண்ணாடிக்காரர்! கண்ணுக்கு முன்னால் பதினோரு பேர் வீடும், "விசேஷமா கண்ணு?"வும், பெட்டி கட்டுகிற நானும் வரிசையாக வந்து நின்றார்கள்.

எட்டு மணிக்கு அவர் வந்தார். வரும்போதே சிரிப்பு.

"வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சுங்க."

"மாட்டியாச்சா?"

"இன்னிக்கு அஷ்டமிங்க. புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கக் கூடாது. நாளைக்கு மாட்டறன்."

எங்கிருந்து வந்தது அந்த அஷ்டமி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கே நான் நாள் பார்த்தவள் இல்லை. அவர் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

மறுநாள் மறுபடி சிக்ஸ் சீட்டர், மறுபடி பஸ், மறுபடி மழை. வழி முழுக்க ஹிந்தியில் திட்டுவதற்கு வார்த்தை தேடினேன், அந்தப் புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை. ரயில் எப்போது வரும், மாம்பழம் இனிக்கிறது, இதை வைத்துக்கொண்டு எவனோடு சண்டை போடுவது? கடைக்குள் நுழையும்போது பன்னிரண்டே முக்கால். பெட்டியை மேஜையில் டொப்பென்று வைத்தேன்.

"யே நஹி! யே புரானா! முஜே சீட்டிங்!" இது பழசு, என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்து பார்த்தார். சீல் உடைத்திருந்தது. "பில் ஜாலா. பரத் நாஹி" என்றார். பில் போட்டாயிற்று, திருப்பி எடுக்க மாட்டேன் என்பது கைச்சைகையிலேயே விளங்கியது. அதோடு சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, போய்விட்டு நாலு மணிக்கு வா என்றார்.

எனக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கடைக்கு நட்டநடுவில் உட்கார்ந்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"ஆப் ஜாவோ. கானா காவோ. சோ ஜாவோ. மை யஹா பைட்டேகா."

நீங்கள் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள், நான் இங்கேயே உட்காருவேன் என்று அர்த்தம். அதோடு ஹிந்தி தீர்ந்துவிட்டது. ஹிந்தி தீர்ந்ததும் நல்ல கொங்குத் தமிழில் தொடர்ந்தேன். "ஏனுங்க, பாஷை தெரியாதவன்னா எதைய வேணும்னாலும் தலையில கட்டீர்றதுங்களா? பதினஞ்சு நாள் படிச்சிருக்கறன், தெரியுமுங்களா? நாலு மணி வரைக்கும் அசைய மாட்டனுங்க. ஷட்டர எறக்கிக்கோங்க, உள்ளயே இருக்கறன். என்ற பொழப்பே இந்தக் கார்டுலதான் தொங்கிட்டுக் கெடக்குது!"

அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் எழுந்திருக்க மாட்டாள் என்பது நன்றாகப் புரிந்தது. மணி ஒன்று. மேஜைக்கடியில் அவருடைய டிபன் டப்பா. அவர் டப்பாவைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். தூக்கம் போகிறதே என்கிற தவிப்பு முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் குபுக்கென்று சிரித்தார். மவுஸ் வாங்க வந்து மூலையில் நின்றிருந்தவர், காக்கிச் சட்டை, நாற்பது வயது இருக்கும்.

"பைட்டேகா இல்லம்மா, பொம்பளைங்க பைட்டூங்கின்னு சொல்லணும்" என்றார். தமிழ்! "நான் கட்கி ஏரியா, அங்க ஃபேக்டரிலே வேலை. எங்கப்பா காலத்துலேர்ந்து இங்கதான் ஜாகா. இன்னா ஜக்டா இது, சண்டையா? அவர்கிட்டே நீ இன்னான்னு கேட்டே?"

ஒப்பித்தேன். "கால் கா கேம் கே லியே கார்டு சாஹியே."

அவர் கடைக்காரரிடம் மராத்தியில் ஏதோ கேட்டார். கடைக்காரர் இரண்டு கையையும் விரித்து, "கால் மணாலீ! கால்ச்சே கேம் மணாலீ!" என்றார். காக்கிச் சட்டைக்காரர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அய்யோ தங்கச்சி! மராத்தியிலே கால்னா நேத்தும்மா, நேத்து! நீ நேத்து கேமுக்குக் கார்டு குடுன்னு கேட்டிருக்கே. அவரும் பாவம், நேத்து கார்டையே தேடி எடுத்துக் குடுத்துட்டாரு."

"புத்தகத்துல நாளைக்குன்னு போட்டிருந்துச்சுங்களே?"

"அது ஹிந்தி. ஹிந்தியிலே கல்னா நாளைக்கும் அதான், நேத்தும் அதான். நீ அதையும் இழுத்து மராத்தி ஆக்கிட்டே. இங்க நாளைக்குன்னா உத்யா."

நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படித்தான் ரயில் பிடிக்கிறார்கள்! எனக்கு ஒரு கணம் அசடு வழிந்தது. அடுத்த கணம் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பீறிட்டது. அந்த மனுஷர் ஏமாற்றவே இல்லை. நான் கேட்டதைத் தூசி தட்டி, பாராட்டி, கையில் கொடுத்திருக்கிறார். ஸ்டூலிலிருந்து எழுந்து கும்பிட்டேன்.

"உத்யாச்சே! பையா, உத்யாச்சே கேம்! உத்யாச்சே!"

கடைக்காரர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடியது. "அஹோ தாயி!" என்று தலையில் அடித்துக்கொண்டு, தானே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, மூன்று புதுப் பெட்டிகளை மேஜையில் பரப்பினார்.

முதலில் நீட்டியது 256 எம்.பி. முழ நீளத்து எழுத்து. நான் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினேன். 64 பிட். "நாஹி!" என்று ஒதுக்கினேன். அவர் புருவத்தைத் தூக்கினார். இரண்டாவது, ஷேடர் பழசு. "நாஹி!" மூன்றாவது பெட்டியின் பின்னால் புது ஸ்லாட், 128 பிட், புது ஷேடர், மூன்றும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. நோட்டை வைத்து ஒன்றொன்றாக டிக் போட்டேன். கடைக்காரர் காக்கிச் சட்டைக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் எனக்குச் சொன்னார்: "இன்னா படிச்சிருக்கேன்னு கேக்கறாரு. இங்க வர்ற பசங்க பாதிப் பேரு மொதப் பெட்டியைத்தான் தூக்கிட்டுப் போறானாம்."

பழைய கார்டைக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி எடுத்துக்கொண்டார். புதுசைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டிக்காட்டிக் கொடுத்தபோது மணி இரண்டு. அவருடைய தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை நான் தின்றுவிட்டேன். புனேயில் அதைவிடப் பெரிய மரியாதை யாருக்கும் கிடைக்காது.

அன்றைக்குக் கார்டு 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன். ஸ்க்ரூ போட்டு, சி.டி. போட்டு, பழைய கேமையே திறந்து எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன். ரப்பர் ஷீட் காணாமல் போயிருந்தது. ரோட்டோரக் குட்டையில் வானம் தெரிந்தது. நான் ஓட்டிய கார் அதைத் தாண்டும்போது குட்டையிலும் ஒரு சிவப்புக் கார் தாண்டியது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். கத்தினதில் கீழ்வீட்டில் ஜன்னல் திறந்து மூடியது.

அவர் வந்து பார்த்தார். உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டினார். வாயைப் பிளந்துகொண்டு குட்டையைப் பார்த்ததில் மரத்தில் மோதினார். "நெசமாவே நீயே வாங்கி நீயே மாட்டினயா?" என்றார்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஜெயித்தாயிற்று, சாவி என்னுடையது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வந்தால் பொய் நிற்காது. கால், கால்ச்சே, ஸ்டூல், பைட்டேகா, டிபன் டப்பா, எல்லாவற்றையும் நின்றுகொண்டு நடித்தே காட்டினேன். அவர் கட்டிலில் விழுந்து புரண்டார். "நேத்துத் தசமி அம்மிணி, காலண்டர்லயே போட்டிருந்துச்சு" என்று சொல்லி மறுபடி புரண்டார். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: பாஷை தெரியாமல் தப்பான கார்டு வாங்கினேன் என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். கோயம்புத்தூருக்கு. எனக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, அவ அங்க வரலீம்மா. இங்கயே இருக்கறாளாம்."

"ஏஞ்சாமி, அந்தப் புள்ளைக்கு பாஷை தெரியாதேடா?"

"பாஷை தெரியாதும்மா. ஆனா சண்டை போடத் தெரியுது."

"அப்பறம் என்ன, இருக்கட்டும்" என்றார் மாமியார். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

செப்டம்பரில் அவரை அனுப்பிவைத்தேன். பால்காரனிடம் நானே பேசினேன், காஸ் தீர்ந்தால் நானே சொன்னேன், தப்பும் தவறுமாகப் பேசிச் சிரிப்பு மூட்டினேன், காரியம் மட்டும் நடந்தது. தீபாவளி கழிந்த வாரம் இரண்டாம் பாகம் கடைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டு, பலகாரத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்திரிகையில் பார்த்த அதே ரோடு. அதே மழை. முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு நனைந்த தாரில் நீளமாக இழுத்துக்கொண்டு போனது. முறுக்கைக் கடித்த வாய் கடித்தபடியே நின்றது.

போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே ஓட்டினேன்.

"ஏனுங்க, ஒரு ரெண்டே நிமிஷம், இந்த வளைவுல ரெண்டு பேரத் தாண்டோணும்."

"ஓட்டு, ஓட்டு" என்றார். "சத்தம் கேக்குது. அங்க மழையா?"

"கேமுக்குள்ளங்க! கார்டு அப்படியே காட்டுதுங்க! நீங்க பாக்கோணுமே!"

நான் ஒருவரைத் தாண்டினேன்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"பிரெட்."

"நேத்து?"

"அதேதான்." குரல் ஒருமாதிரி இருந்தது. "அம்மிணி, நீ அங்க தனியா இருக்க மாட்டீன்னு எல்லார்கிட்டயும் சொன்னனல்ல."

"அதுக்கென்னங்க இப்ப?"

"என்னால இங்க இருக்க முடியல."

அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் கார் சுவரில் போய் மோதி நின்றது. அதன் மேல் மழை பெய்துகொண்டே இருந்தது. ஆறு மாதம் யார் தனியாக இருப்பது என்று அத்தனை அலசிய வீட்டில், அவர் எப்படி இருப்பார் என்று யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கீபோர்டை விட்டுவிட்டு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அங்க அரிசி கெடைக்குதுங்களா?" என்றேன்.

"கெடைக்கும்."

"பேனா எடுங்க. ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணின்னு சொல்றன், எழுதிக்கோங்க."

"இரு, இரு" என்றார். மேஜை டிராயரை இழுத்துத் துழாவுகிற சத்தம் கேட்டது. "ம், சொல்லு."